வோல்ட்டு, ஆம்ப்ஸ், ஓம், வாட்டு: மண்டபத்து வயரிங் அண்ணன்கிட்ட கேளுங்க

மண்டபம் பக்கம் படகு வயரிங், வீட்டு வயரிங் ரெண்டும் பாக்குறவன் நான். கச்சான் காத்து போட்டு அடிக்குது, இன்னைக்கு வேலை இல்ல, அதான் கரண்டு கணக்குல சந்தேகம் இருந்தா கேளுங்கன்னு போட்டேன்.

தங்கச்சிமடம், பத்தாவது படிக்கிற தங்கச்சி: அண்ணே, வோல்ட்டும் ஆம்பியரும் குடுத்துட்டு மின்தடை, திறன் ரெண்டையும் கேக்குறாங்க. எதைப் பெருக்கணும் எதை வகுக்கணும்னு பரீட்சையில மாறிப்போகுது.

வோல்ட்டை ஆம்பியரால வகுத்தா ஓம், வோல்ட்டை ஆம்பியரால பெருக்குனா வாட்டு, அம்புட்டுதாம்மா. 12 வோல்ட்டு பல்பு 3 ஆம்பியர் இழுத்தா தடை 4 ஓம், திறன் 36 வாட்டு. மில்லி ஆம்பியர்ல குடுத்திருந்தா மொதல்ல ஆயிரத்தால வகுத்துக்க, பாதிப்பேரு மார்க்க விடுறது அங்கதான்.

பாம்பன், நாட்டுப்படகு தம்பி: அண்ணே, அதே 12 வோல்ட்டு 36 வாட்டு பல்புதான் போட்டுருக்கேன், மங்கலா எரியுது. பேட்டரி செத்துருச்சுண்டு கடையில சொன்னாங்க, புதுசு வாங்கி மாட்டியும் அப்படியேதான் இருக்கு.

லைட்டு எரியும்போதே பேட்டரி முனையில எத்தனை வோல்ட்டு, பல்பு ஹோல்டர்ல எத்தனை வோல்ட்டு, டிசி கிளாம்ப் மீட்டர்ல (ஒயர வெட்டாம சுத்திக் கவ்வி கரண்டு பாக்குற மீட்டர்) எத்தனை ஆம்ப்ஸ், மூணையும் பாத்து சொல்லு. ஆஃப் பண்ணிட்டு பாத்தா ஒண்ணும் தெரியாது, கரண்டு ஓடுனாத்தான் வோல்ட்டு எங்க விழுதுன்னு தெரியும்.

பாம்பன் தம்பி: பேட்டரியில 12.6, ஹோல்டர்ல 10.4, ஆம்ப்ஸ் 2.6. ஒயரு 1.5 ஸ்கொயர் எம்எம், பேட்டரியிலேருந்து லைட்டுக்கு 7 மீட்டர் இருக்கும்.

பாத்தியா, வழியிலேயே 2.2 வோல்ட்டு காணோம். அதை 2.6 ஆல வகு, 0.85 ஓம். அந்த சைஸ் செம்பு ஒயரு ஒரு கிலோமீட்டருக்கே சுமாரா 12 ஓம்தான், உனக்கு போக வர 14 மீட்டர், அதுக்கு 0.17 ஓம் வரணும். மிச்சம் 0.68 ஓம் எங்கேருந்து வந்துச்சு? எங்கயோ ஒரு ஜாயிண்ட்டுல உப்பு ஏறி களிம்பு பூத்துருக்கு. பல்புக்கு 10.4 பெருக்கல் 2.6, சுமாரா 27 வாட்டுதான் போய்ச் சேருது. அந்த 0.68 ஓம்ல மட்டும் நாலரை வாட்டு சூடாகுது (ஆம்பியரை ஆம்பியராலயே பெருக்கி ஓமால பெருக்கு), அதனால லைட்ட அரை மணி நேரம் போட்டு வச்சுட்டு, அணைச்சப்பறம் ஜாயிண்ட்ட தொட்டுப் பாத்துக்கிட்டே வா, எது வெதுவெதுன்னு இருக்கோ அதுதான். நானும் ஒருக்கா ஒரு படகுல டைனமோவ ரெண்டு நாளா கழட்டி மாட்டிட்டு, கடைசியில பாத்தா டேப் சுத்துன ஜாயிண்ட்டு. டேப்புக்கு மேல பளபளன்னு இருந்துச்சு, பிரிச்சா உள்ள பச்சைப் பொடி.

கீழக்கரை தம்பி: காக்கா, 60 வாட்டு குண்டு பல்ப கழட்டி மல்டிமீட்டர்ல ஓம் பாத்தேன், 65 காட்டுது. 230 வோல்ட்டுக்கு கணக்கு போட்டா 814 வாட்டு வருது. மீட்டர் கெட்டுப்போச்சா?

மீட்டர் நல்லாத்தான் இருக்கு தம்பி. நீங்க பாத்தது ஆறிப்போன பல்பு. டங்ஸ்டன் கம்பி சூடாக சூடாக தடை ஏறும், எரியும்போது அதே பல்பு 880 ஓம் பக்கம் இருக்கும், 230ஐ 230 ஆல பெருக்கி அதால வகுங்க, 60 வரும். சுவிட்ச போட்ட அந்த நொடியில கம்பி ஆறி தடை கம்மியா இருக்குறதால கரண்டு கூடப் பாயும், அப்ப பல்பு பட்டுனு போறதுக்கு இதுவும் ஒரு காரணம். எல்இடி பல்புக்கு இந்த ஓம் கணக்கையே போடாதீங்க, உள்ள இருக்குறது கரண்ட கட்டுப்படுத்துற டிரைவர் சர்க்கியூட்டு.

தொண்டி அக்கா: தம்பி, சாயங்காலம் வோல்டேஜ் 180க்கு இறங்கிருது. அயர்ன் பாக்ஸ் கம்மியா கரண்டு எடுத்தா பில்லும் குறையுமா?

1000 வாட்டு அயர்ன் பாக்ஸ் 53 ஓம்னு வச்சுக்கங்கக்கா. 180 வோல்ட்டுல 3.4 ஆம்ப்ஸ்தான் ஓடும், 612 வாட்டுதான் கிடைக்கும். ஆனா சேலை சுருக்கம் போக அதே சூடு வேணுமே, கூட நேரம் தேய்ப்பீங்க, பில்லு பெருசா குறையாது. ஃபிரிட்ஜும் மோட்டாரும் இதுக்கு நேர்மாறு, வோல்ட்டு குறைஞ்சா கூட ஆம்ப்ஸ் இழுத்து காயில் சூடாகும், அதுகள மட்டும் அந்த நேரத்துல நிறுத்தி வைங்க. மோட்டார் காயில்ல ஓம் பாத்து வாட்டு கணக்கு போடுறதும் தப்பு, வீட்டுக்கு வர்ற ஏசி கரண்டுல அது வேற கணக்கு.

ஏர்வாடி, மீன் கம்பெனியில வேலை பாக்குற அண்ணன்: தம்பி, உப்புத்தண்ணி கையோட சுவிட்ச தொட்டா ஷாக்கு ஜாஸ்தியா அடிக்குதே, எதனால?

அதே வகுத்தல்தாண்ணே. காஞ்ச தோலுக்கு தடை பல ஆயிரம் ஓம் இருக்கும், நனைஞ்சா ஆயிரம் பக்கம் இறங்கிரும். 230ஐ ஆயிரத்தால வகுத்தா 230 மில்லி ஆம்பியர், உசுரு போக அதுல கால்வாசியே போதும். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்டு கசிஞ்சா தானா விழுந்து லைன துண்டிக்கிற சுவிட்ச்) இருக்கான்னு இன்னைக்கே பாருங்க, இருந்தா அதுல உள்ள டெஸ்ட் பட்டன அமுக்குங்க. விழலைன்னா மாத்தச் சொல்லி ஓனர்கிட்ட சண்டை போடுங்க, தப்பே இல்ல.

பாம்பன் தம்பி: அண்ணே, கேபின் மேல இருந்த ஜாயிண்ட்டுதான், பிரிச்சா நீங்க சொன்ன அதே பச்சைப் பொடி! வெட்டிட்டு ஒயர் முனையில புதுசா லக் (அழுத்தி மாட்டுற உலோக முனை) அடிச்சேன். இப்ப ஹோல்டர்ல 12.1, ஆம்ப்ஸ் 3.

அரை வோல்ட்டு விழுது, மூணால வகுத்தா 0.17, அது ஒயரோட சொந்த தடை, விட்டுரு. லக்கு மேல கிரீஸ் தடவி ஹீட் ஷ்ரிங் (சூடு காட்டுனா சுருங்கி இறுகுற குழாய்) போட்டியா? வெறும் டேப்புன்னா இன்னைக்கே பிரி.