எலக்ட்ரானிக்ஸ் படிக்காத ஒருவர் வீட்டிலேயே கிட்டார் ஓவர்டிரைவ் பெடல் செய்ய முடியுமா?

கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்க, காலால் மிதித்து இயக்குகிற சின்னப் பெட்டிதானே? முடியும். நான் படித்தது வணிகவியல். ஓம் விதியைப் பள்ளிக்கூடத்திலேயே விட்டுவிட்டு வந்தவன்.

கடையில் ஒரு பெடலின் விலையைப் பார்த்துவிட்டு, சர்க்யூட் படம் ஒன்றைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டு இதைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். காசு மிச்சமாகும் என்ற எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் எல்லாம் சில்லறைதான். அலுமினியப் பெட்டி, காலால் மிதிக்கிற சுவிட்ச், ஜாக், துளை போடும் பிட் என்று ஒவ்வொன்றாகச் சேரும்போதுதான் பழைய பெடலாக ஒன்றை வாங்கியிருக்கலாமே என்று தோன்றும்.

நான் செய்தது ஐபனேஸ் டிஎஸ்808 என்ற ஓவர்டிரைவ் பெடலின் வகைச் சர்க்யூட். எட்டுக் கால் ஐசிக்குள் (சிப்) இருக்கும் ஆப்-ஆம்ப் என்ற பெருக்கி கிட்டார் சிக்னலைப் பெருக்குகிறது. டிரைவ் குமிழை முழுக்கத் திருப்பினால் சுமார் 118 மடங்கு. அதன் வெளியீட்டை உள்ளீட்டுக்கே திருப்பிவிடும் பின்னூட்டப் பாதையில் எதிரெதிராக இரண்டு சிலிக்கான் டயோடுகள். சிக்னல் அங்கே 0.6 வோல்ட்டைத் தாண்டப் பார்த்தால் அவை கடத்த ஆரம்பித்து, அலையின் தலையை மழுக்கிவிடும். நமக்குப் பிடித்த அந்தக் கரகரப்பு அதுதான். 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரும் 0.047 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் சேர்ந்து 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெருக்கத்தைக் குறைத்துவிடுவதால் தடித்த தந்திகள் கொழகொழக்காது.

இப்போது பெரிய ஆள் மாதிரி எழுதுகிறேன். அன்று வீரோ போர்டில் (செம்புப் பட்டைகள் ஓடும் துளைப் பலகை) இரண்டு இரவு உட்கார்ந்து முடித்து, பெடலை மிதித்தால் மௌனம். ஆஃப் செய்தால் கிட்டார் சுத்தமாகக் கேட்கிறது. ஐசியை மாற்றினேன், டயோடை மாற்றினேன், கண்ணில் பட்ட இணைப்பையெல்லாம் மறுபடி சூடாக்கினேன். எல்லாம் குருட்டாம்போக்கு. மூன்று வாரம் போயிற்று.

அதில் பாதி நாள் போனது என் தங்கை கணவரால். உடைந்த பிளாஸ்டிக் வாளியை ஒட்டுவதற்கு என் சோல்டரிங் அயர்னை வாங்கிப் போனார். திரும்பி வந்தபோது நுனி கருகி, ஈயமே பிடிக்கவில்லை. “சூடு ஏறுதே, அப்புறம் என்ன?” என்கிறார். உறவுக்காரர்களுக்கு எந்தக் கருவியையும் இரவல் கொடுக்காதீர்கள்.

கடைசியில் மல்டிமீட்டரை எடுத்து, ஐசியின் எட்டுக் கால்களையும் அளந்து தாளில் எழுதினேன். 9 வோல்ட் பேட்டரிக்கு எட்டாம் காலில் 9, நான்காம் காலில் 0, மற்ற ஆறிலும் அதில் பாதி அளவுக்கு வர வேண்டும். எனக்கு ஐந்தாம் காலில் பூஜ்யம். வீரோ போர்டின் செம்புப் பட்டைகளை ஐசிக்கு அடியில் வெட்டிவிட வேண்டும். இல்லையென்றால் எதிரெதிர்க் கால்கள் சேர்ந்துகொள்ளும். வெட்டத்தான் செய்திருந்தேன். நான்காம் காலுக்கும் ஐந்தாம் காலுக்கும் நடுவில் மட்டும் தலைமுடி பருமனுக்கு ஒரு செம்பு இழை மிச்சமிருந்தது. பேனாக்கத்தியால் ஒரு கீறல். கிட்டாரின் ஆம்ப்ளிஃபையர் அலறியது, நானும்தான்.

ஜேஆர்சி4558 ஐசி இல்லாமல் அந்த ஒலி வராது என்பவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். அதற்குப் பதில் டிஎல்072 என்ற வேறொரு ஐசி போட்டும் கேட்டேன், என் காதுக்கு வித்தியாசம் தெரியவில்லை. உங்கள் காது கூர்மையானதாக இருக்கலாம். டயோடுகளுக்குப் பதில் இரண்டு சிவப்பு எல்இடி போட்டபோது எனக்கே தெரிந்தது: கரகரப்பு குறைந்து சத்தம் கூடிவிட்டது.

ஐசியை நேரடியாகப் பற்றவைக்காமல் சாக்கெட்டில் மாட்டுங்கள். பெட்டியை மூடுவதற்கு முன்னாலேயே அந்த எட்டு அளவுகளையும் எடுத்துவிடுங்கள். பெட்டியை கிரவுண்டோடு இணைக்க மறந்தால் ‘ம்ம்’ என்ற ஹம் இரைச்சல் ஏறும். துளைகளை ஒரே வரிசையில் போடுவது எப்படி என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். என் பெடலில் டோன் குமிழ் இன்னும் தனியாகத்தான் விலகி நிற்கிறது.