கோத்தகிரி ஊற்றுத் தண்ணீரும் நீலப்பச்சைக் கறையும்

வணக்கம் நண்பரே. கீசர் குழாய்க்குக் கீழே வாஷ்பேசினில் நீலப்பச்சைக் கறை படிகிறது, ஊற்றுத் தண்ணீரின் டிடிஎஸ் (கரைந்த உப்பின் அளவு) 30தான், அப்புறம் ஏன் என்று கேட்டிருந்தீர்கள். அந்தக் குறைந்த டிடிஎஸ்தான் துப்பே. மீட்டர் கரைந்த உப்பைத்தான் காட்டும், அமிலத்தன்மையைக் காட்டாது.

நீலகிரியின் சார்னோகைட் பாறையில் சுண்ணாம்பு குறைவு. மழைநீர் மண்ணில் இறங்கும்போது அங்குள்ள கரியமில வாயு கரைந்து கார்பானிக் அமிலமாகிறது. அதைச் சரிக்கட்டப் பைகார்பனேட் போதாவிட்டால் பிஎச் (குறையக் குறைய அமிலம் கூடுவதைக் காட்டும் எண்) 6-க்குக் கீழேகூடப் போகும். அந்தத் தண்ணீர் ராத்திரி முழுக்கச் செம்புக் குழாயில் நின்றால் செம்பு கரையும். கறை அதிலிருந்துதான் வருகிறது.

முதலில் பிஎச் பாருங்கள். உப்பு குறைந்த தண்ணீரில் பிஎச் தாள் தடுமாறும். மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் சொட்டுத் திரவம் மேல். ஊற்றில் பிடித்த கையோடு சோதியுங்கள், திறந்து வைத்தால் வாயு வெளியேறி பிஎச் ஏறிவிடும். குடிநீருக்கான இந்தியத் தரம் 6.5 முதல் 8.5 வரை. அதற்குக் குறைந்தால் கால்சைட் (சுண்ணாம்புக்கல் துகள்) வடிகட்டி வையுங்கள்: அமிலம் அந்தத் துகளைக் கரைத்துத் தானும் அடங்கும், துகளை அவ்வப்போது நிரப்ப வேண்டும். ஆர்ஓ வடிகட்டியை வாங்கிவிடாதீர்கள், இருக்கிற கொஞ்சநஞ்ச உப்பையும் எடுத்துவிடும்.

அதுவரை காலையில் முதலில் வரும் தண்ணீரைக் கொஞ்ச நேரம் ஓடவிடுங்கள். குழந்தைக்குப் பால் பவுடர் கலக்க வெந்நீர்க் குழாய்த் தண்ணீர் வேண்டவே வேண்டாம்.