ஸ்டாலின் படத்தைத் திரையிடலாமா? நண்பருக்குப் பதில்

கல்லூரி திரைப்பட மன்றத்தில் சோவியத் சர்வாதிகாரி ஸ்டாலினின் சாவை வைத்து எடுத்த நகைச்சுவைப் படமான 'தி டெத் ஆஃப் ஸ்டாலின்' போட நினைத்தீர்கள், "லட்சக்கணக்கானவர்கள் செத்ததைப் பார்த்துச் சிரிப்பதா?" என்று பேராசிரியர் தடுக்கிறார். இதுதானே உங்கள் சிக்கல்? போடுங்கள் என்றுதான் சொல்வேன்.

அதில் அபத்தமாகத் தெரிவதில் நிறைய நிஜம். 1953 மார்ச் 1 அன்று பகல் முழுக்க ஸ்டாலின் அறையை விட்டு வெளியே வரவில்லை. கூப்பிடாமல் உள்ளே போகக் காவலர்களுக்குப் பயம். ராத்திரி, தபால் வந்த சாக்கில் ஒருவர் போய்ப் பார்த்தால், மனிதர் தன் சிறுநீரிலேயே நனைந்து தரையில் கிடக்கிறார். மருத்துவர்கள் வந்தது மறுநாள் காலையில். அவரை வழக்கமாகப் பார்த்த மருத்துவரோ ஏற்கெனவே கைதாகிச் சிறையில்! இதைச் சோகமாக எடுத்தால் அவர்மேல் பரிதாபம் வந்து தொலைக்கும்.

பேராசிரியர் பக்கமும் நியாயம் இருக்கிறது. 1940இல் ஹிட்லரைக் கேலி செய்து 'தி கிரேட் டிக்டேட்டர்' எடுத்த சாப்ளினே, ஹிட்லரின் வதைமுகாம்களின் கொடூரம் அப்போது தெரிந்திருந்தால் எடுத்திருக்க முடியாது என்று பிறகு எழுதினார். நான் பார்ப்பது, அடி யார்மேல் விழுகிறது என்பதைத்தான். இங்கே விழுவது ஸ்டாலினுக்குப் பிறகு நாற்காலிக்கு அடித்துக்கொள்கிறவர்கள்மேல். 2018இல் ரஷ்யா இந்தப் படத்தின் திரையீட்டு அனுமதியை ரத்து செய்ததும் சும்மா இல்லை.

ஆனால் படம் மட்டும் போதாது. ஸ்டாலின் ஆட்சியில் 1937, 38 இரண்டே ஆண்டுகளில் சுமார் 6.8 லட்சம் பேரைச் சுட்டுக் கொன்றார்கள். ஒரு ஜோக் சொன்னதற்காகக் கட்டாய உழைப்பு முகாமுக்குப் போனவர்களும் உண்டு. படம் முடிந்ததும் பத்து நிமிடம் இதைப் பேச அந்தப் பேராசிரியரையே கூப்பிடுங்களேன்.