தோட்டக் கொட்டிலுக்குக் கரண்ட்: நடுவில் கிடக்கும் 40 மீட்டர்

உரும்பிராயிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார்: "வளவின் பின்பக்கம், கிணற்றைத் தாண்டி, பேரன் படிப்பதற்கென்று சின்னக் கொட்டில் ஒன்று போட்டிருக்கிறோம். அரைச்சுவர் கல், மேலே பனஞ்சலாகை, கிடுகுக் கூரை. வீட்டிலிருந்து 40 மீட்டர் வரும். இரண்டு பல்ப், ஒரு ஃபேன், லப்டொப், தேத்தண்ணிக்கு ஒரு கேத்தில், இவ்வளவும்தான். மருமகன் குசினிப் பிளக்கிலிருந்து வேலியோடு வயர் இழுத்துத் தரலாம் என்கிறார். செய்யலாமா?"

வேலியோடு வேண்டாம், அம்மா. மருமகன் உதவி செய்யத்தான் நினைக்கிறார். ஆனால் நம்முடைய வேலி செத்த மரத்தால் ஆனதல்ல, அது வளருகிற வேலி. கோப்பாய்ப் பக்கம் ஒரு வீட்டில், மழை பெய்து விட்ட காலையில் வேலியில் கை வைத்தால் சுள்ளென்று இழுக்கிறது என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தேன். பூவரசங் கதியாலில் ஆணி அடித்து வயரைக் கட்டியிருந்தார்கள். மூன்று மாரி போய்விட்டது. மரம் பருத்து, பட்டை வயரை அரைவாசி விழுங்கியிருந்தது. பட்டையைக் கத்தி நுனியால் நீக்கினால், மேலுறை வெடித்து உள்ளே செம்பு பச்சை பிடித்துப்போய் இருக்கிறது. ஈரக் கதியாலுக்குள் நேரடியாகக் கரண்ட். நாலு அடி தள்ளி உடுப்புக் காயப்போடும் கொடிக்கம்பியும் அதே கதியாலில்தான் கட்டியிருந்தது. அந்த வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தக் கம்பியைப் பார்த்ததிலிருந்து வேலி வயர் என்று யாராவது சொன்னால் நான் சும்மா இருப்பதில்லை.

கொட்டிலுக்குள் எந்த பல்ப், எந்த ஃபேன் என்பதையெல்லாம் பிறகு பார்க்கலாம். காசையும் கவனத்தையும் இரண்டு இடத்தில் போடுங்கள்: வீட்டுக்கும் கொட்டிலுக்கும் நடுவில் உள்ள அந்த 40 மீட்டரில், அப்புறம் எர்த்தில்.

முதலில் வயர். கடையில் 1/1.13 என்று கேட்டு வாங்கும் வயர் ஒரு சதுர மில்லிமீட்டர்தான். பல்புக்குப் போதும். கேத்தில் 2000 வாட் என்றால் ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும். கணக்குக்கு 10 என்று வையுங்கள். 40 மீட்டர் தூரத்துக்கு 1/1.13 போட்டால் வழியிலேயே 17 வோல்ட்டுக்கு மேல் போய்விடும். 7/0.67, அதாவது 2.5 சதுர மில்லிமீட்டர் என்றால் 7 வோல்ட் போகும். 7/0.85, அதாவது 4 சதுர மில்லிமீட்டர் என்றால் நாலரைக்குள் நிற்கும். நான் 4 போடச் சொல்வேன். இன்றைக்குக் கேத்தில், நாளைக்கு ஒரு சின்ன ஃபிரிட்ஜ் வரும். மண்ணை இரண்டு தரம் கிண்ட யாருக்கும் விருப்பமிருக்காது.

மண்ணுக்குள் போவது ஆர்மர் கேபிள் என்கிற, இரும்புக் கம்பி சுற்றிய கேபிளாக இருக்கட்டும். மூன்று கோர் வாங்குங்கள். மூன்றாவது கோர் எர்த்துக்கு. இடையில் ஒரு மூட்டுக்கூட வேண்டாம், ஒரே துண்டாக 45 மீட்டர் வாங்கினால் இரண்டு பக்கமும் ஏறி இறங்கக் கணக்காக இருக்கும். ஆழம் இரண்டு அடி. தோட்டம் கொத்துகிற இடத்தில் அதற்குக் குறையக் கூடாது. உங்கள் ஊர்ச் செம்பாட்டு மண்ணில் மண்வெட்டி இலகுவாக இறங்கும். சுண்ணாம்புக்கல் தட்டினால் அலவாங்குதான். கல் விட்டுக்கொடுக்காத இடத்தில் எவ்வளவு ஆழம் கிடைக்கிறதோ அதில் கேபிளை வைத்து, மேலே கொங்கிறீட் போட்டு மூடிவிடுங்கள். மற்ற இடங்களில் கீழே மணல், கேபிள், மேலே மணல், அதற்கு மேல் பழைய ஓடோ செங்கல்லோ வரிசையாக. கொத்துகிறவருக்கு முதலில் ஓடு தட்டுப்பட வேண்டும். கடல் மணல் போடாதீர்கள், உப்பு அந்த இரும்புக் கம்பியைத் தின்றுவிடும். கிணற்றையும் மலக்குழியையும் நன்றாக விலக்கிச் சுற்றிக்கொண்டு போங்கள்.

இனி எர்த். இதை விளங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். நம் வீடுகளில் எர்த் என்பது நாமே நம் வளவில் அறைந்த கம்பிதான், மின்சார சபை கொண்டுவந்து தருவதில்லை. அந்தக் கம்பிக்கும் மண்ணுக்கும் இடையில் 50 ஓம் தடை இருக்கிறது என்று வையுங்கள். கேத்திலின் உடம்பில் கரண்ட் ஏறினால், 230 வோல்ட்டை 50ஆல் வகுக்க, நாலரை ஆம்பியர் மண்ணுக்குள் ஓடும். 16 ஆம்பியர் பிரேக்கருக்கு அது ஒரு பொருட்டே இல்லை, விழாது. கேத்திலில் கரண்ட் அப்படியே நிற்கும். பேரன் வெறுங்காலோடு போய்த் தொடுவான். அதனால்தான் டிரிப் சுவிச் வேண்டும் என்று அழுத்திச் சொல்கிறேன். போன கரண்ட்டும் திரும்பி வந்த கரண்ட்டும் சமமா என்று மட்டுமே அது பார்க்கும். 30 மில்லிஆம்பியர் வித்தியாசம் வந்தால் கண் இமைப்பதற்குள் விழுந்துவிடும். வீட்டில் ஒன்று இருந்தாலும் கொட்டிலுக்குத் தனியாக இன்னொன்று போடுங்கள். சில வேளை இரண்டும் சேர்ந்து விழுந்து வீடும் இருளும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

கொட்டிலடியில் ஒரு எர்த் கம்பி தனியாக அறைந்து, மூன்றாவது கோரோடு சேர்த்துவிடுங்கள். இடம் முக்கியம். ஆவணி புரட்டாதியில் மண் காய்ந்து போனால் எர்த்தும் செத்துப்போகும். குளிக்கிற தண்ணீர் ஓடிச் சேரும் வாழையடி நல்ல இடம். ஆனால் குளிக்கிறவர் நிற்கும் கல்லடி கூடாது. கல்லில் முட்டிக் கம்பி இறங்கவில்லையென்றால் வெட்டிக் குறுக்காதீர்கள். இடத்தை மாற்றுங்கள், அல்லது வெறும் செம்புப் பட்டியைக் கேபிள் போகிற அதே குழியில் நீளமாகப் புதைக்கலாம்.

தொடக்கம் குசினிப் பிளக் அல்ல. மெயின் சுவிச் பெட்டியில் தனி 16 ஆம்பியர் பிரேக்கர். கொட்டிலில் சின்னப் பெட்டி ஒன்று: அதில் டிரிப் சுவிச், பல்புக்கு 6 ஆம்பியர் பிரேக்கர், பிளக்குக்கு 16 ஆம்பியர் பிரேக்கர். பிளக் 13 ஆம்பியர் சதுர முள். கிடுகுக்குள் வயரைச் செருக வேண்டாம். அணிலும் எலியும் வயரைக் கடிக்கும், ஒரு பொறி போதும் ஓலைக்கு. வயர் எல்லாம் பீவீசீ பைப்புக்குள், கல்லுச் சுவரோடு போகட்டும். மூட்டு எதுவும் கூரைக்குள் வரக் கூடாது.

கேத்திலை வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சம்மதமென்றால், மண் கிண்டாமல் சின்ன சோலாரே போதும். 12 வோல்ட் ஃபேன், எல்.ஈ.டி பல்ப், லப்டொப் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஏறக்குறைய 450 வாட்-மணி. 150 வாட் தகடு வெயில் நாளில் அதைத் தரும், மாரி இருட்டில் தராது. பட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் போட மறக்காதீர்கள்.

குழி வெட்டுவதும் மணல் போடுவதும் மருமகன் செய்யட்டும். பெட்டிக்குள் கை வைப்பது என்.வி.கியூ என்கிற தொழில் தகைமைச் சான்றிதழ் உள்ள ஆளாக இருக்கட்டும். குழியை மூடுவதற்கு முன் அவரிடம் மெகர், அதாவது வயரின் மேலுறை கரண்ட்டைக் கசிய விடுகிறதா என்று பார்க்கிற கருவி, அதை வைத்துக் கேபிளைச் சோதிக்கச் சொல்லுங்கள். அப்புறம் டிரிப் சுவிச்சின் சோதனைப் பொத்தானை மாதம் ஒரு தரம் பேரனே அமத்திப் பார்க்கலாம், விழவில்லையென்றால் அன்றைக்கே மாற்ற வேண்டும். குழி திறந்திருக்கும்போது ஒரு தாளில் கீறி வையுங்கள்: கிணற்றுக் கட்டிலிருந்து கேபிள் எத்தனை அடி, மாமரத்திலிருந்து எத்தனை அடி, எந்த இடத்தில் திரும்புகிறது என்று. அந்தத் தாளை மெயின் சுவிச் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டிவிடுங்கள்.