பொன்னை நிறுத்த கல்

கேள்வி (ஹட்டனிலிருந்து ஒரு வாசகி): அப்பாயியின் சங்கிலியை அடகிலிருந்து மீட்கச் சென்றபோது கடைக்காரர் பவுண் கணக்குச் சொன்னார். வீட்டில் அப்பாயியோ, தம் காலத்து ஆசாரி குன்றிமணி வைத்துத்தான் நிறுப்பார் என்றார். முற்காலப் பேரரசுகளில் பொன்னை வாங்கியவரும் விற்றவரும் அதன் எடையை எப்படி நம்பினார்கள்?

பதில்: உங்கள் அப்பாயியின் கணக்கே மூத்தது. பவுண் என்பது பிரித்தானியரின் தங்க நாணயத்தோடு வந்த பெயர். ஏறத்தாழ 8 கிராம் எடையுள்ள அந்த நாணயம் புழக்கத்திலிருந்து மறைந்த பின்னும், பெயர் மட்டும் கொழும்புச் செட்டியார் தெருவிலும் நம் ஊர்க் கடைவீதிகளிலும் தங்கிவிட்டது. குன்றிமணியோ சோழர் கல்வெட்டுகளிலேயே இருக்கிறது. 2 குன்றி ஒரு மஞ்சாடி, 20 மஞ்சாடி ஒரு கழஞ்சு. முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அளித்த பொற்கலங்களின் எடையைப் பொறித்தவர்கள், அவை ‘ஆடவல்லான்’ என்னும் கல்லால் நிறுக்கப்பட்டவை என்பதையும் சேர்த்தே பொறித்தார்கள். அரசன் கொடுத்த பொன்னாயினும் எந்தக் கல்லால் நிறுத்தது என்று சொல்லாமல் விடவில்லை.

அதற்கு ஓராயிரம் ஆண்டுகளுக்கு முன், ரோமப் பொன் சேர நாட்டு முசிறிக்குக் கப்பலில் வந்தது. யவனரின் கலம் ‘பொன்னொடு வந்து கறியொடு பெயரும்’ என்று அகநானூறு அந்த வணிகத்தை ஒரே அடியில் சொல்லி முடிக்கிறது. கறி என்றது மிளகை. அதே வணிகத்தை ரோம எழுத்தாளர் பிளினி மனக்குறையோடு எழுதினார்: ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸுக்கு (ரோம நாணயம்) குறையாத செல்வத்தை இந்தியா ரோமிலிருந்து ஈர்த்துக்கொள்கிறது என்பது அவர் கணக்கு. வந்த நாணயங்களை நம்மவர் அரசன் முகத்துக்காக மதிக்கவில்லை. புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த ஏறத்தாழ 500 ரோமப் பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் பேரரசர் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டியிருக்கிறார்கள். அவற்றை நாணயமாகக் கொள்ளாமல் வெறும் பொன்னாகவே கொண்டதன் அடையாளம் அது என்று ஆய்வாளர் பலர் கருதுவர்.

நம் தீவின் அரசர்களைப் பற்றியும் இரு செய்திகள் உண்டு. கிளாடியஸ் பேரரசர் காலத்தில் காற்றில் அடிபட்டு இங்கே கரையேறிய ஒரு ரோமனிடம் இருந்த வெள்ளிக் காசுகள், வெவ்வேறு பேரரசர்களின் முகங்களைக் கொண்டிருந்தும் எடையில் ஒன்றுபோல இருந்ததைக் கண்டு அரசன் வியந்தான் என்று பிளினி எழுதுகிறார். 6ஆம் நூற்றாண்டில் எகிப்து வணிகரான கொஸ்மாஸ் எழுதிய கதையிலோ, உங்கள் இருவரில் யாருடைய மன்னன் பெரியவன் என்று ரோம வணிகனையும் பாரசீகனையும் அரசன் கேட்கிறான். ரோமன் இரு நாட்டுக் காசுகளையும் பார்க்கச் சொல்கிறான். ரோமக் காசு பொன், பாரசீகக் காசு வெள்ளி. ரோம மன்னனே பெரியவன் என்று அரசன் முடிவு செய்கிறான். எழுதியவரும் ரோமப் பேரரசின் குடிமகன்தான் என்பதால் முடிவைச் சற்றுத் தள்ளி வைத்தே படிக்கலாம். ஆனால் காசின் பெருமை பொய்யில்லை: ஒரு ரோம இறாத்தல் பொன்னுக்கு 72 காசு என்று ரோமப் பேரரசர் கொன்ஸ்தந்தைன் வகுத்த அளவு 11ஆம் நூற்றாண்டு வரை பெரிதும் கெடாமல் நின்றது.

கேள்வி (பதுளையிலிருந்து ஒரு வாசகர்): ஆபிரிக்காவில் பொன்னைக் கொடுத்து உப்பு வாங்கினார்களாமே, உண்மையா?

பதில்: உண்மை. அதைக் கண்டு எழுதியவர்களுள் ஒருவர் நம் மலைக்கும் வந்தவர். 1344இல் சிவனொளிபாதமலை ஏறிய மொரோக்கோப் பயணி இப்னு பதூதா, 1352இல் சகாராவின் தகாசா என்னும் ஊரைக் கடந்தார். அங்கே வீடும் பள்ளிவாசலும் உப்புப் பாளங்களால் கட்டப்பட்டிருந்தன, கூரை ஒட்டகத் தோல். ஈ மொய்க்கும் அந்த அற்ப ஊரில் பொன் தூள் மூட்டை மூட்டையாகக் கைமாறியது என்கிறார். தெற்கே பொன் எடுத்த மக்களுக்கு உப்பு அரிது; வடக்கே இருந்த அரசுகளுக்குத் தினார் அடிக்கப் பொன் வேண்டும்.

அந்தப் பொன் நிலத்தின், அதாவது மேற்கு ஆபிரிக்க மாலியின், அரசரான மன்சா மூசா 1324இல் ஹஜ் செல்லும் வழியில் கெய்ரோவில் தங்கிப் பொன்னை வாரி இறைத்ததில் அங்கே அதன் விலை சரிந்தது. 12 ஆண்டுகள் கழித்தும் அது பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்று அரபு எழுத்தாளர் அல் உமரி பதிவு செய்திருக்கிறார். ஊர் திரும்பும்போது கையிருப்புத் தீர்ந்துபோன மூசா, அதே கெய்ரோ வணிகர்களிடம் மிகுந்த வட்டிக்குக் கடன் வாங்கினார்.