யன்னலத் திறக்கிறதா சாத்துறதா? தும்மலால கஷ்டப்படுறவங்களுக்குச் சில பதில்கள்

கேள்வி: எங்கட வீடு வெல்லாவெளிப் பக்கம், பின் வளவோட வயல். நெல்லு பூக்கத் தொடங்கினா வெட்டு முடியுமட்டும் மகளுக்குத் தும்மல், கண்கடி, மூக்கால தண்ணி. யன்னல் எல்லாத்தையும் சாத்தி வைக்கவா?

முழுசாச் சாத்தாதீங்க. வீடு புழுங்கிப் பூஞ்சணம் பிடிச்சா அது வேற தும்மலக் கொண்டு வரும். நேரம் பாத்துத் திறக்கிறதுதான் வழி. நெல்லுப் பூ விரியிறது காலம ஒம்பது மணிக்குக் கிட்டத் தொடங்கி மத்தியானம் வரைக்கும், மகரந்தம் காத்தில பறக்கிறதும் அந்நேரம்தான், அதனால விடிஞ்சதும் எல்லா யன்னலையும் அகலத் திறந்து விட்டுட்டு எட்டரைக்கெல்லாம் வயல் பக்கத்த மட்டும் சாத்துங்க, மற்றப் பக்கம் திறந்தே கிடக்கட்டும், மறுகா பின்னேரம் திறக்கலாம். வெட்டு மெசின் இறங்கினா கதை வேற. அண்டைக்குப் பறக்கிறது மகரந்தம் இல்ல, நெல்லுச் சுணையும் வைக்கோல்ல இருக்கிற பூஞ்சணமும். தூசு அடங்குமட்டும் அந்தப் பக்கம் திறக்கவே வேணாம். சிறுபோக வெட்டு, மேற்கால இருந்து வீசுற கச்சான் காத்தோட வாறதால மேற்கால வயல் இருக்கிற வீடுகளுக்குத்தான் கூடக் கரைச்சல். பிள்ளைக்கு மூச்சு இழுத்தா யன்னல யோசிச்சுக் கொண்டு நிக்காம டொக்டரிட்டக் காட்டுங்க.

கேள்வி: நுளம்பு வலை அடிச்ச யன்னல் மகரந்தத்த மறிக்குமா? (கல்லடி)

மறிக்காது. வலைக் கண் ஒரு மில்லிமீற்றருக்குக் கிட்ட, புல்லு மகரந்தம் 0.02 இல இருந்து 0.05 மில்லிமீற்றர்தான். ஆனா தூசு வலையில ஒட்டி நிக்கும், கிழமைக்கு ஒருக்கா ஈரத்துணியால துடைங்க.

கேள்வி: ரூமுக்கு ஏசியும் பூட்டியாச்சு, காலம எழும்பினா பத்துப் பதினஞ்சு தும்மல் வருது. முன்னுக்கு நிக்கிற செவ்வரத்தைய வெட்டவா? (சம்மாந்துறை)

அத வெட்டாதீங்க, பாவம். செவ்வரத்தை மகரந்தம் பெரிசு, பிசுபிசுப்பு, வண்டும் பூச்சியும்தான் கொண்டு போகும், காத்தில பறக்காது. படுக்கையால எழும்பக்குள்ள வாற தும்மல் எண்டா நான் முதல்ல மெத்தையத்தான் சந்தேகப்படுவன். நம்மட உடம்பில இருந்து உதிர்ற தோலத் திண்டு வாழுற கண்ணுக்குத் தெரியாத தூசுப்பூச்சி அதுக்குள்ள இரிக்கி, ஈரக் காத்து அதுக்கு நல்லாப் பிடிக்கும், நம்மட ஊர்ல அதுக்குக் குறைவே இல்ல. மெத்தையும் தலகாணியும் கிழமைக்கு ஒருநாள் நல்ல வெயில்ல ரெண்டு பக்கமும் பிரட்டிப் போடுங்க, பெட்சீட்ட 60 பாகை சுடுதண்ணியில கழுவுங்க. சாதாரண வீட்டு ஏசி வெளிக்காத்த எடுக்கிறதில்ல, ரூம் காத்தையேதான் திரும்பத் திரும்பச் சுத்தும், அதனால ஃபில்டரக் கழட்டிக் கழுவுங்க, காலமயும் பின்னேரமும் அரை மணித்தியாலம் ரூமத் திறந்து விடுங்க. நுளம்புத்திரிப் புகையும் மூக்க எரிக்கும், வலைக்குள்ள படுக்கிறது நல்லம்.

கேள்வி: உடுப்ப வெளிய காயப் போடலாமா?

போடலாம். வெட்டு நடக்கிற நாளில மட்டும் வேணாம்.

கேள்வி: அக்கரைப்பற்றில புது வீடு கட்டுறம், யன்னல் எங்க வைக்க?

ஒரு சுவரில மட்டும் வச்சா காத்து உள்ள வந்து நிண்டுடும், எதிர்ச் சுவரிலயும் வேணும். பின்னேரம் கடல் காத்து கிழக்கால வரும், அதனால காத்து உள்ள வாற யன்னல் கிழக்க, வெளிய போற யன்னல் மேற்க. சூடு மேல ஏறும், கூரைக்குக் கிட்டக் காத்துத் துவாரம் விடச் சொல்லி மேசனிட்ட இப்பவே சொல்லிடுங்க, கட்டினாப் பிறகு உடைக்கிறது வீண் செலவு. கச்சான் காலத்தில காத்து மேற்கால திரும்பும், அந்தப் பக்கத்துக் கதவு யன்னல் நீக்கல் இல்லாம இறுகிச் சாத்துற மாதிரிப் பாத்துச் செய்ய வையுங்க.