கணினியில் நினைவூட்டல் வைத்தால் ஆபீஸில் உட்கார்ந்தே இருப்பது குறையுமா?

குறையும். ஆனால் வெறும் நினைவூட்டல் மட்டும் போதாது. நீங்கள் கேட்கிற விதத்தைப் பார்த்தால் உங்களுக்கும் இடுப்பு பிடிக்க ஆரம்பித்திருக்கும் போல.

நான் கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலை ஆபீஸில் 16 வருடமாகக் கணக்கு பார்க்கிறேன். "மலையில இருக்கறவங்களுக்கு ஏறி இறங்கினாலே போதுமே" என்று யாராவது சொல்ல வருவார்கள். காலையில் பஸ்ஸுக்கு 80 படி இறங்குகிறேன், சாயங்காலம் ஏறுகிறேன். நடுவில் எட்டு மணி நேரம் நாற்காலிதானே? டிசம்பர், ஜனவரியில் இன்னும் மோசம். மேஜைக்கு அடியில் ஹீட்டர் இருக்கும். அதை விட்டு எழுந்தால் முழங்காலுக்குக் கீழே விறைத்துப்போகும்.

போன வருடம் மாதக் கணக்கை முடித்து எழுந்தபோது வலது கால் மரத்துப்போய், பீரோவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கோவையில் பிசியோதெரபி படிக்கும் என் மகள் அந்த வாரமே வந்து, வொர்க்ரேவ் என்ற இலவச மென்பொருளைப் போட்டு, அரை மணிக்கு ஒரு தடவை எழுந்திருக்கச் சொல்லும்படி வைத்துவிட்டாள். முதல் வாரம் ஒழுங்காக எழுந்தேன். அடுத்த வாரமே கை தானாக அதை மூட ஆரம்பித்தது. திரையில் வந்தது கூட மனதில் பதியவில்லை.

அவளிடம் சொன்னேன். 2012இல் வந்த ஒரு ஆய்வைப் பற்றிச் சொன்னாள். 28 ஆபீஸ் ஊழியர்கள். கணினி நினைவூட்டல் இருந்தவர்கள் அரை மணிக்கு மேல் ஒரே மூச்சாக உட்காருவது குறைந்ததாம், ஆனால் உட்கார்ந்த மொத்த நேரம் பெரிதாக மாறவில்லையாம். "நீளமா உட்கார்றதை வெட்டினாலே நல்லதுப்பா. எழுந்தா போறதுக்கு ஒரு இடம் வெச்சுக்கோங்க" என்றாள்.

எனக்கு அப்படிப் போக, விவசாயிகள் கொண்டுவரும் இலையை நிறுக்கும் எடை ரூம் கிடைத்தது. முன்பெல்லாம் பச்சை இலை எடைச்சீட்டுகள் சாயங்காலம் ஒரே கட்டாக மேஜைக்கு வரும். இப்போது மதியம் 2 மணிக்கு மேல் ஒவ்வொரு நினைவூட்டலுக்கும் நானே முற்றத்தைத் தாண்டிப் போய் வாங்கி வருகிறேன். மழை நாளில் சீட்டு நனைந்து கார்பன் எழுத்து கலங்கியிருக்கும். ஒருநாள் 47 கிலோ என்பது 41 ஆகத் தெரிந்தது. அந்த விவசாயி இன்னும் சாக்கை உதறிக்கொண்டு அங்கேயே நின்றதால் கேட்டுத் திருத்த முடிந்தது. "நாற்காலியில ஆளையே காணோமே" என்று முதலில் முகம் சுளித்த முதலாளி அதற்கப்புறம் ஒன்றும் சொல்வதில்லை.

நான் டாக்டர் இல்லை. கால் மரத்துப்போனால் டாக்டரிடம் காட்டுங்கள். மற்றபடி, நினைவூட்டலில் "எழுந்திரு" என்று எழுதாமல் போக வேண்டிய இடத்தின் பெயரை எழுதுங்கள். மேலதிகாரியிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். என் தங்கை ஊட்டியில் ஒரு துணிக்கடையில் நாள் முழுக்க நிற்கிறாள். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இலேயே சட்டம் திருத்தியாயிற்று. அவள் கடையிலும் ஸ்டூல் வாங்கியிருக்கிறார்கள். அதன் மேல் ஸ்வெட்டர் பண்டல்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள்.